சுருங்கைத் தூம்பும் சொகுசுக் காரும்

வீட்டுக் கூரையில் ஓட்டை விழுந்தால் வீடு ஒழுகும். காரில் இருக்கும் ஓட்டை அடைபட்டால்தான் கார் ஒழுகும். விடுகதை போலத் தோன்றும் இச்செய்தியை, ஐப்பசி கார்த்திகையில் கம்மாபுரம் சாலையோரப் பட்டறை எதிலேனும் அரைநாள் அமர்ந்திருந்தால் நேரில் காணலாம். தரைவிரிப்பு நனைந்து, உள்ளே பூஞ்சை நாற்றம் அடிக்க வந்து நிற்கும் வண்டிகளின் சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எங்கே ஓட்டை?" பட்டறைக்காரர் தேடுவதோ எந்த ஓட்டை மூடிப்போயிற்று என்பதை.

நம் குழுவில் கல்வெட்டும் நாணயமும் எழுதும் அன்பர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நடுவே காரின் வடிகாலைப் பற்றி ஒரு வரலாற்றுக் கட்டுரையா என்று சிலர் புருவம் உயர்த்தக்கூடும். உயர்த்தட்டும். மழைநீரைத் தடுப்பதா, அதற்கு வழிவிடுவதா என்பது மிகப் பழைய கேள்வி. அந்தக் கேள்விக்கு நம் முன்னோர் கண்ட விடைக்கும் இன்றைய காரின் உள்ளுறுப்புக்கும் இருக்கும் உறவு, தமிழ் படித்தவர்களுக்குச் சற்றே சுவையானது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். நீர் வெளியேறும் வழிக்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. மடை, மதகு, கலிங்கு, அங்கணம், சலதாரை, வடிகால், தூம்பு, சுருங்கை என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி வேலை உண்டு. கலிங்கு ஏரியின் மிகுநீரைக் கழிப்பது. மதகு வேண்டிய நீரை வேண்டியபோது விடுவது. அங்கணம் வீட்டுக் கழிநீருக்கு உரியது. இவற்றுள் காரின் வடிகுழாய்க்கு மிக நெருங்கிய உறவினர்கள் தூம்பும் சுருங்கையும்தான். இரண்டும் கண்ணுக்குத் தெரியாமல், மூடிய வழியே நீரைக் கொண்டு செல்பவை.

தூம்பு என்றால் உள்ளே புழை உடையது. மூங்கிலுக்கும் அந்தப் பெயர் பொருந்தும், குழாய்க்கும் பொருந்தும். மலைபடுகடாத்தில் கூத்தர் சுமந்து செல்லும் இசைக்கருவிகளின் வரிசையில் தூம்பும் ஒன்று. யானை உயிர்க்கும் ஓசை அதற்கு உவமை. ஏரிக்கரையின் அடியில் நீரைக் கொண்டு செல்லும் குழாயையும் கல்வெட்டுகள் தூம்பு என்றே குறிக்கின்றன. ஊதினால் இசை, விட்டால் நீர்.

சுருங்கையின் கதை இன்னும் வியப்பானது. கிரேக்க மொழியில் 'சிரிங்ஸ்' என்றால் புல்லாங்குழல். நிலத்தடி வழிக்கும் சுரங்கத்துக்கும் அதுவே பெயர். வடமொழியின் 'சுருங்கா' அங்கிருந்து வந்தது என்பது அறிஞர் பலர் ஏற்ற கருத்து. அர்த்தசாத்திரத்தில் அச்சொல் இருக்கிறது. நம் சுருங்கையும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்றால், யவனர் கொண்டுவந்தது மதுச்சாடி மட்டும் அன்று என்றாகிறது. ஒரு செய்தியை இங்கே கவனிக்க வேண்டும். கிரேக்கத்தில் இசைக்குழலும் நிலத்தடி வழியும் ஒரே சொல்லில் அடங்கின. தமிழில் தூம்பு என்ற சொல்லிலும் அவ்வாறே அடங்கின. ஒன்றையொன்று பார்த்து எழுதியதாக இருக்க வேண்டியதில்லை. புழையைக் கண்ட மனித மனம் எங்கும் ஒரே மாதிரிதான் எண்ணியிருக்கிறது.

பரிபாடலின் இருபதாம் பாடலில் மதுரையின் சுருங்கை வருகிறது. நகரின் நடுவே ஓடிவந்த நீர் மதிற்புறத்தே பாய்வது, களிறு கையை உயர்த்தி நீரைப் பீய்ச்சுவது போல இருந்ததாம். மணிமேகலையில் கச்சி மாநகரின் அகழிக்குள் மகளிர் நீராடிய நறுநீரைக் கொண்டு சேர்ப்பது சுருங்கைத் தூம்பு. இரண்டு சொற்களும் அங்கே கைகோத்து நிற்கின்றன. சிலப்பதிகாரத்தின் மதுரையிலோ சுருங்கை யானைக் கூட்டம் புகுந்து செல்லும் அளவுக்குப் பெரிய வழி. யானைக் கையளவு, யானையளவு என்று இலக்கியத்தில் விரிந்த சுருங்கை, இன்றைய காரில் ஒரு சுண்டுவிரல் தடிமனுக்குச் சுருங்கிவிட்டது. பெயருக்கு இப்போதுதான் பொருத்தம்!

இலக்கியம் சொன்னதற்கு மண்ணும் சான்று தருகிறது. கீழடி அகழாய்வில் ஒன்றோடொன்று பொருந்திய சுடுமண் குழாய்கள் வெளிப்பட்டதை அன்பர்கள் படங்களில் பார்த்திருப்பீர்கள். நமக்கு அண்மையிலுள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது செங்கல் தொட்டிகளும் கால்வாய்களும் கிடைத்தன. குழாய்களைப் பொருத்துவதில் ஒரு விதி இருக்கிறது. பீங்கான் குழாய் பதிக்கும் கொத்தனார் எவரைக் கேட்டாலும் சொல்வார்: மேலேயிருந்து வரும் குழாயின் மெல்லிய முனை, கீழே போகும் குழாயின் அகன்ற வாய்க்குள் நுழைய வேண்டும். மாற்றிப் பொருத்தினால் ஒவ்வோர் இணைப்பிலும் நீர் கசியும். சரியாகப் பொருத்தினால் இணைப்பு சற்றே தளர்ந்திருந்தாலும் நீர் தன் வழியே போய்விடும். நாட்டு ஓடு வேய்கிறவரும் இதே விதியைத்தான் கடைப்பிடிக்கிறார். களிமண்ணால் பிழைக்கும் விருத்தாசலத்துக்காரர்களுக்கு இது புதிய செய்தி அன்று. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிக்கு மேற்படிவாகக் கிடைத்த வெண்களிமண்ணைக் கொண்டு ஜாடியும் மின்சார ஃப்யூஸ் கட்டையும் பொம்மையும் சுட்ட ஊர் அது.

ஏரித் தூம்பிலும் நாம் கற்க ஒன்று உண்டு. குமிழித் தூம்பு என்பது ஏரிக்குள் கரையை ஒட்டி இரு கல்தூண்களுக்கு நடுவே அமைந்த அமைப்பு. அதன் அடியிலுள்ள கல்தொட்டியின் மேற்புறத்தில் பாசனநீர் இறங்கும் துளை. அதை நீரோடித் துளை என்பர். பக்கவாட்டில், ஏரியின் தரைமட்டத்தை ஒட்டிச் சிறிய துளைகள். அவை சேறோடித் துளைகள். நீர் இறங்கும் விசையில் அடிச்சேறும் இழுக்கப்பட்டு வெளியேறும். அதாவது, நீர் வரும் வழியில் சேறும் வரும் என்பதை முன்னமே எண்ணி, சேற்றுக்கும் ஒரு வழி வைத்தார்கள். அதுவும் போதாதென்று ஏரியில் குழி குத்தி மண் எடுப்பதற்கு அறக்கட்டளை வைத்தார்கள். உத்தரமேரூரில் ஏரிக்கென்றே ஒரு வாரியம் இருந்ததை முதற் பராந்தகனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் சொல்கின்றன. வீரநாராயணன் என்ற அவன் பெயரையே நம் மாவட்டத்து வீராணம் ஏரி இன்றும் தாங்கி நிற்கிறது. அடைப்பு என்பது விபத்து அன்று, அன்றாடம் என்பது அவர்களின் கணக்கு. இன்றைய கார்க் கம்பெனிகள் இந்தக் கணக்கில் சற்றே பின்தங்கியிருப்பதைக் கீழே காண்போம்.

கோயிலையும் விட்டுவிடலாகாது. செம்பியன் மாதேவியார் கற்றளியாக எடுப்பித்த திருமுதுகுன்றத்துக் கோயிலுக்குச் செல்பவர்கள் கருவறையின் வடபுறத்தே கோமுகத்தைப் பார்க்கலாம். முழுக்காட்டு நீர் அதன் வழியே சுவரைத் தொடாமல் தள்ளி விழும். அந்தத் 'தள்ளி விழுதல்' சிற்பிக்கு முக்கியம். சுவரை ஒட்டி வழிந்தால் கல்லிடுக்கில் ஈரம் தங்கி அரசமரம் முளைக்கும். காரில் ஈரம் தங்கினால் முளைப்பது துரு.

இனி வண்டிக்கு வருவோம்.

நம் கூண்டு வண்டிக்கு வடிகால் கிடையாது, தேவையும் இருக்கவில்லை. மூங்கிலை வில்லாக வளைத்துப் பாய் வேய்ந்த கூண்டில் விழும் மழை இருபுறமும் வழிந்து போகும். முன்னும் பின்னும் திறந்திருக்கும். நனைந்தால் காயும். தொடக்ககால மோட்டார் வண்டிகளும் ஏறத்தாழ இப்படித்தான். கூரையே இல்லாதவை, அல்லது மடக்கு கான்வாஸ் கூரை உடையவை. 1919இல் அமெரிக்காவில் விற்ற கார்களில் பத்தில் ஒன்றுதான் மூடிய வண்டி. 1920களின் இறுதிக்குள் கணக்கு தலைகீழாகி, பத்தில் ஒன்பது மூடியவை ஆயின. 1922இல் ஹட்ஸன் நிறுவனம் தன் எஸ்ஸெக்ஸ் வண்டியை மலிவான மூடிய காராக விற்கத் தொடங்கியது இந்த மாற்றத்துக்குப் பெரிய தூண்டுதல். அப்போதும் கூரையின் நடுப்பகுதி துணியாகவே இருந்தது. அவ்வளவு பெரிய தகட்டை ஒரே அழுத்தில் வளைக்கும் எந்திரம் அதுவரை பரவலாகவில்லை. முழுக்க இரும்புத் தகட்டால் ஆன கூரையை ஜெனரல் மோட்டார்ஸ் 1935ஆம் ஆண்டு வண்டிகளில் கொண்டுவந்தது.

கூரை மூடியதும் சிக்கல் தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் அங்கேதான் தொடங்கியது. மூடிய வண்டிக்குக் காற்று வேண்டும். எனவே ஏறி இறங்கும் கண்ணாடி. கண்ணாடி இறங்குவதற்குக் கதவுக்குள் வெற்றிடம் வேண்டும். கண்ணாடிக்கும் கதவுக்கும் இடையே எவ்வளவு ரப்பர் வைத்தாலும் கண்ணாடியில் வழியும் மழை கதவின் வயிற்றுக்குள் இறங்கியே தீரும். இதைத் தடுக்க முடியாது என்று பொறியாளர்கள் ஏற்றுக்கொண்ட நாளில்தான் காரின் வடிகால் வரலாறு உண்மையில் பிறக்கிறது. நீரை உள்ளே வரவிட்டார்கள். கதவின் அடிவிளிம்பில் இரண்டு மூன்று துளைகள் வைத்து வெளியே விட்டார்கள். கதவின் உட்புறத்தில் ஒரு பிளாஸ்டிக் தாளை ஒட்டி, அந்த நீர் பயணிகள் பக்கம் எட்டிப்பார்க்காமல் செய்தார்கள். இன்று வரும் இலட்சங்கள் பெறுமான கார்களிலும் இதே ஏற்பாடுதான். கார்க் கதவு என்பது மழைநீர் நாள்தோறும் புகுந்து வெளியேறும் ஒரு சிறு தொட்டி என்பது அதைச் சாத்தித் திறக்கும் பலருக்குத் தெரியாது.

நம் நாட்டு வண்டிகளில் இவ்வரலாற்றின் எல்லாப் படிகளையும் காணலாம். 1950களின் பிற்பகுதியில் தொடங்கி 2014 வரை உற்பத்தியான அம்பாசிடரின் கூரை விளிம்பைச் சுற்றி ஒரு சிறு தகட்டு வாய்க்கால் ஓடும்; வீட்டுத் தாழ்வாரத்தில் தகரப் பந்தி வைப்பது போல. கூரைநீரைக் கதவின் மேல் விடாமல் முன்னும் பின்னும் கொண்டு போய் இறக்கும் வேலை அதனுடையது. பத்மினியிலும் மாருதி 800இலும் இது இருந்தது. பின்னாளில் காற்றுத் தடையைக் குறைக்க வேண்டும் என்று வந்தபோது அவ்வாய்க்காலைக் கூரைக்குள்ளேயே ஒரு பள்ளமாக அமைத்து மேலே ரப்பர் பட்டை பதித்துவிட்டார்கள். அழகு கூடியது, ஆனால் வாய்க்கால் கண்ணுக்கு மறைந்தது.

சென்னையை அடுத்த வண்டலூரில் 1960களில் உற்பத்தியான ஸ்டாண்டர்டு ஹெரால்டு தனிக் கதை. அதன் உடல் ஒரே வார்ப்பாக இல்லாமல் பல துண்டுகளைப் போல்ட்டால் பூட்டியது. துண்டுகளுக்கு நடுவே ரப்பர். ரப்பர் காய்ந்து சுருங்கியதும் ஒவ்வோர் இணைப்பும் ஒரு மடையாயிற்று. ஆனால் அதற்குத் தனிச் சட்டம் இருந்ததால் உடல் துருப்பிடித்தாலும் வண்டியின் எலும்பு நிற்கும். அம்பாசிடருக்கு அந்த வசதி இல்லை. உடலே எலும்பும் ஆன கட்டமைப்பு அது; கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டத்துக்குள் நீர் தங்கினால் துரு எலும்பையே தின்றது. பழைய அம்பாசிடரை வாங்கப் போகும் கிராமத்துக்காரர் கதவைத் திறந்து கீழ்விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கும் அதே கை.

பிறகு குளிர்சாதனம் வந்தது. 1940ஆம் ஆண்டு வண்டிகளில் பேக்கார்டு நிறுவனம் அதை முதலில் அளித்தது. நம்மூர்க் கார்களில் இயல்பானது 1990களுக்குப் பின்னர்தான். அதனோடு புதியதொரு நீர் வந்தது. இது வானத்து மழை அன்று. வண்டியே பெய்யும் மழை. ஈரக்காற்று குளிர்ந்த சுருளில் பட்டு நீராகி, ஒரு தட்டில் சேர்ந்து, முன்தகட்டைத் துளைத்துக்கொண்டு போகும் ஒரு ரப்பர்க் குழாய் வழியே தரையில் சொட்டும். கடலூரிலிருந்து விருத்தாசலம் வருவதற்குள் ஒரு சொம்பு நீர் சொட்டிவிடும். அந்தக் குழாயில் தூசியும் பாசியும் சேர்ந்தாலோ, குளவி வந்து மண்கூடு கட்டினாலோ, முன்னிருக்கைக்காரரின் கால் நனையும். சித்திரை வெயிலில் வண்டிக்குள் தண்ணீர் நின்றால் அது மழைநீராக இருக்க வழியில்லை. இக்குழாயைத்தான் முதலில் பார்க்க வேண்டும். குழாய் அதன் குறுங்காம்பிலிருந்து நழுவியிருப்பதும் உண்டு. வேறு ஏதோ பழுது பார்க்கக் கைவிட்டவர் அதைத் தட்டிவிட்டிருப்பார்.

இவற்றுக்கெல்லாம் சிகரம் வைத்தது போல வந்தது கூரைக் கண்ணாடி. சன்ரூஃப் என்று நம் பிள்ளைகள் சொல்வது. வெயிலுக்கு ஏங்கிய குளிர்நாட்டவர் கண்டுபிடிப்பு அது. இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் இங்கிலாந்திலும் செருமனியிலும் வழக்கத்துக்கு வந்து, 1937இல் நாஷ் நிறுவனம் அமெரிக்காவில் அளித்தது. ஃபோக்ஸ்வேகனின் வண்டுக்காரில் முதலில் மடிப்புத் துணியாக இருந்து, 1963 முதல் நகரும் இரும்புத் தகடாயிற்று. ஆண்டில் பத்துமாதம் வெயிலுக்கு அஞ்சி நிழல் தேடும் நாட்டில் இதற்கு என்ன வேலை என்று நமக்கு இன்றும் விளங்கவில்லை. ஆனால் மணப்பெண் வீட்டார் காரைக் கேட்கும்போது இப்போது அதையும் சேர்த்துக் கேட்கிறார்களாம்.

அந்தக் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் நீரை முற்றிலும் தடுப்பதற்கென்று வைத்தது அன்று. பெரும்பகுதியைத் தடுக்கும், மீதியை உள்ளே விடும். விட்ட நீரை ஏந்திக்கொள்ள, கண்ணாடியைச் சுற்றிக் கூரைக்குள் ஒரு பள்ளத்தட்டு. தட்டின் நான்கு மூலையிலும் நான்கு துளைகள். ஒவ்வொன்றிலும் ஒரு குறுங்காம்பு. காம்பின் மேல் மாட்டிய மெல்லிய குழாய். முன்னிரண்டும் முன்கண்ணாடியின் இருபுறத் தூண்களுக்குள் இறங்கி முன்கதவின் கீல் அருகே முடியும். பின்னிரண்டும் பின்தூண்களுக்குள் இறங்கிப் பின்சக்கரத்தின் பக்கம் முடியும். மேல்முனை கீழ்க்குழாயின் வாய்க்குள் நுழைய வேண்டும் என்ற நம் கொத்தனார் விதி இங்கே எழுத்துப் பிசகாமல் இருக்கிறது. சுருங்கைத் தூம்பு என்று மணிமேகலை சொன்னது இதற்கும் பொருந்தும். சேறோடித் துளை மட்டும் இல்லை.

அதுதான் குறை. நம் பக்கத்தில் வண்டியை எங்கே நிறுத்துவோம்? புளியமரத்தடியில். புளியின் இலை எவ்வளவு சிறியது என்பதை எண்ணிப் பாருங்கள். முந்திரி இலையோ பலா இலையோ விழுந்தால் கையால் எடுத்து எறியலாம். புளியிலை எந்தச் சல்லடையிலும் நுழையும். வேப்பம்பூவும் அப்படியே. முன்கண்ணாடியின் அடியில், துடைப்பான்களுக்குக் கீழே உள்ள பள்ளத்தில் இவை மக்கி உரமாகின்றன. அங்கேயும் இரண்டு வடிதுளைகள் உண்டு. அவை அடைபட்டால் நீர் காற்றுப் புகும் வழியே உள்ளே இறங்கும். கூரைத் தட்டிலோ சுரங்கப் பக்கத்துப் புழுதியும் இலைத்தூளும் சேர்ந்து, குழாயின் வாயில் பசையாக அமரும். நான்கு துளைகளில் ஒன்று அடைந்தால் மேட்டில் நிற்கும்போது மட்டும் ஒழுகும். எந்தத் துளை என்று தெரிய வேண்டுமானால் வண்டி எந்தப் பக்கம் சாய்ந்து நின்றபோது ஒழுகியது என்று கேட்க வேண்டும்.

நம் கல்லூரியில் உடன் பணியாற்றும் நண்பர் ஒருவர் 2024இன் கோடையில் தரகர் ஒருவர் மூலம் சென்னைப் பதிவெண் கொண்ட பழைய கார் ஒன்றை வாங்கினார். கூரைக் கண்ணாடி உள்ளது. நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது மாவட்டமே தத்தளித்தது. மழை ஓய்ந்த பின் பார்த்தால் வண்டிக்குள் ஓட்டுநர் பக்கம் கணுக்காலளவு ஈரம். நகரத்துப் பெரிய பட்டறை ஒன்றில் விட்டார். அவர்கள் கூரைக் கண்ணாடியைச் சுற்றிச் சிலிக்கான் பசையைப் பூசி, கண்ணாடியைத் திறக்கவே முடியாதபடி ஒட்டிக் கொடுத்து, கணிசமான தொகைக்கு ரசீதும் கொடுத்தார்கள். அடுத்த மழையிலும் ஈரம். பிறகுதான் அவர் கம்மாபுரத்துக்கு வந்தார். நாமும் உடன் சென்றோம்.

அந்தப் பட்டறைக்காரர் அறுபதை நெருங்குபவர். அம்பாசிடர் டாக்சிகளில் தொழில் பழகியவர். வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். "யாரு சார் இந்தப் பசையப் போட்டது?" என்றார். நண்பர் சொன்னார். "கண்ணாடி ஒழுகத்தான் சார் செய்யும். ஒழுகுறதுக்குத்தானே உள்ள தட்டு வச்சிருக்கான். வந்த தண்ணி எங்க போவுதுன்னு பாக்காம வர்ற வழிய அடச்சா, அது வேற வழியா வரும்." பிளேடால் பசையைக் கீறி எடுக்கவே ஒரு மணி நேரமாயிற்று. பின்னர்க் கண்ணாடியைத் திறந்து, ஒரு டம்ளர் நீரை முன்மூலையில் மெதுவாக ஊற்றிவிட்டுக் கதவுக் கீல் அருகே குனிந்து பார்த்தார். வலப்புறம் சொட்டவில்லை. இடப்புறம் சொட்டியது.

சில பட்டறைகளில் இந்த இடத்தில் காற்றழுத்தக் குழலை வைத்து ஊதுவார்கள். அவர் அதைத் தொடவில்லை. அழுத்தக் காற்று அடைப்பைத் தள்ளும். அடைப்பு நகராவிட்டால் குழாயைக் காம்பிலிருந்து கழற்றிவிடும். கழன்ற குழாய் தூணுக்குள் இருப்பதால் வெளியே தெரியாது. பைக் கிளட்ச்சின் உட்கம்பியை விட்டுக் குத்துவதும் கூடாது, குழாய் கிழியும். அவர் எடுத்தது தடித்த தூண்டில் நரம்பு. முனையை நெருப்பில் காட்டி உருண்டையாக்கி, சோப்பு நீரில் நனைத்து, சிறிது சிறிதாக உள்ளே செலுத்தினார். ஒரு முழம் போனதும் நரம்பு தடையின்றி ஓடியது. அவர் முகம் மாறியது. "அடைப்பு இல்ல சார். பைப்பே கழண்டு கெடக்கு."

தூணின் உள்மூடியை நெம்பி எடுத்தபோது அவர் சொன்னது தெரிந்தது. குழாய் காம்பை விட்டு நழுவி விரற்கடை தள்ளி நின்றது. முன்னர் யாரோ காற்றடித்திருக்க வேண்டும் என்பது அவர் கணிப்பு. குழாயின் வாயில் கெட்டிப்பட்ட அரை அங்குலத்தை வெட்டி எறிந்து, வெந்நீரில் மென்மையாக்கி, காம்பில் ஆழ மாட்டி, சிறிய பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கினார். மிகவும் இறுக்கவில்லை, இறுக்கினால் புழை குறுகும். கீழ்முனையில் இருந்த ரப்பர் மூக்கையும் கழற்றிக் கழுவினார். பூச்சியும் சேறும் கீழிருந்து ஏறாமல் காக்கும் அந்தக் கீறல் வாய், புழுதி சேர்ந்தால் தானே ஒட்டிக்கொண்டு அடைப்பாகிவிடும். மறுபடி ஒரு டம்ளர் நீர். இம்முறை கீல் அருகே நீர் நூலாக இறங்கியது.

தேநீர் வந்தது. பேச்சு வடிகாலிலிருந்து வடிகாலுக்கே போயிற்று. இந்தப் பக்கத்தில் அது தானாகவே அங்கே போய்விடும். நெய்வேலியில் நிலக்கரிக்கு அடியில் ஊற்றழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடிநீரை இடைவிடாமல் இறைத்தால்தான் சுரங்கம் தோண்ட முடியும். 1956இல் நிறுவனம் தொடங்கிய காலம் முதல் அது நிற்காத வேலை. அந்த நீரும் மழைநீரும் பரவனாற்றில் விழுகின்றன. 2015 நவம்பர் இரண்டாம் வாரத்தில் நெய்வேலியில் ஒரே நாளில் 48 செ.மீ. அளவுக்குக் கொட்டியபோது விசூரும் பெரியகாட்டுப்பாளையமும் பட்ட பாட்டை மாவட்டம் மறக்கவில்லை. 2023 சூலையில் பரவனாற்றை மாற்றிவிடும் கால்வாய்க்காக வளையமாதேவியில் கதிர் விட்ட நெல்வயலுக்குள் மண்வெட்டும் எந்திரங்கள் இறங்கின. வடிகால் வேண்டாம் என்று அங்கே எவரும் சொல்லவில்லை. எவர் வயலின் மேல், எந்த மாதத்தில் என்பதே அவர்கள் கேள்வி. பட்டறைக்காரர் ஒன்றும் சொல்லாமல் தேநீரைக் குடித்துவிட்டு வண்டியின் பக்கம் திரும்பினார்.

கதவுகளைப் பார்த்துவிடுவோம் என்றார். கதவின் அடிவிளிம்பு முழுதும் கறுப்புப் பூச்சு. துருப்பிடிக்காமல் இருப்பதற்கென்று அடித்தகட்டில் பூசுவது. விற்பதற்கு முன் புதிதாக அடித்திருக்கிறார்கள். பூசியவர் துளைகளை மறைத்துவிட்டுப் பூச வேண்டும், பூசவில்லை. மூன்று துளைகளில் இரண்டு மூடிக்கிடந்தன. துருவைத் தடுக்க வந்த பூச்சு துருவுக்கு வேண்டிய நீரை உள்ளே சேர்த்து வைத்திருந்தது. வேப்பங்குச்சியைச் சீவி முதல் துளையைத் திறந்தார். கறுத்த நீர் வடிந்தது. இரண்டாவதையும் திறந்து, உள்ளே கம்பியை வளைத்து விட்டு இழுத்தபோது நீரோடு சேறும் வந்தது.

அதை உள்ளங்கையில் ஏந்தி விரலால் தேய்த்தார். நண்பர் குடியிருப்பது நெய்வேலிப் பக்கத்துச் செம்மண் மேட்டில். கையிலிருந்ததோ சாம்பலும் கறுப்புமாக வழவழவென்ற களி. "இது உங்க தெருவு மண்ணு இல்லைங்களே" என்றார். சேற்றின் நடுவே கடுகை விடச் சற்றே பெரிய நத்தைக் கூடு ஒன்று இருந்தது. கண்ணாடியில் வழியும் மழை நத்தையைக் கொண்டுவராது.

அவர் எழுந்து ஓட்டுநர் இருக்கையின் பாதுகாப்புப் பட்டையை அதன் கடைசி வரை இழுத்தார். நாள்தோறும் நாம் இழுப்பது பாதிதான். மீதி உள்ளே சுருண்டிருக்கும். கடைசி இரண்டு சாண் பட்டையில் குறுக்கே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே நிறம் வேறு. பிறகு பின்னால் போய் மாற்றுச் சக்கரத்தைத் தூக்கி, பள்ளத்தின் அடியிலிருந்த ரப்பர் அடைப்பானைப் பிடுங்கினார். அதன் விளிம்பிலும் அதே சாம்பல் களி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் இரண்டு மூன்று நாள் நீருக்குள் நின்ற வண்டிகள் எத்தனையோ. அவற்றில் ஒன்றா இது என்று அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. தரைவிரிப்புக்கு அடியில்தான் மின்னணுப் பெட்டிகள் இருக்கின்றன, ஒரு மாதத்துக்குள் ஒவ்வொன்றாகப் பழுதாகத் தொடங்கலாம், அதனால் விரிப்பைக் கழற்றி வெயிலில் போட்டுவிட்டுச் செருகிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

நண்பர் தரகரின் எண்ணைத் தேடி அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.